பிக்கப் வண்டியும் வீல் பேலன்சிங்கும்: லோடு ஓட்டும் சகோதரர்கள் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் உதவியில் பிக்கப் வண்டி வாங்கி, மீன், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று லோடு ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள் நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தவணையை ஒழுங்காகவே கட்டி வருகிறார்கள். தவணை தவறியவர்களை அழைத்துக் காரணம் கேட்டால், வீட்டில் மருத்துவச் செலவு, மீன்பிடித் தடைக்காலம் இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக அவர்கள் சொல்வது ஒரே ஒரு சொல்தான்: "டயர்".

டயர் தேயத்தானே செய்யும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றுதான் நாமும் இருந்துவிட்டோம். அது அப்படியல்ல என்பதை ஒரு மதுரைப் பயணத்தில் தெரிந்துகொண்டோம். அதை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கடன் பெற்ற சகோதரர் ஒருவர் இரவில் ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறவர். எங்களுக்கும் அங்கே ஒரு வேலை இருந்ததால் அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டோம். பரமக்குடி தாண்டி நான்கு வழிச் சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. கேட்டதற்கு, "இது ஒண்ணுமில்ல காக்கா, லோடு இருந்தா அடங்கித்தான் இருக்கும்" என்றார். மறுநாள் காலை மீனை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியபோது எழுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் அவர் கையில் துள்ளியது. நாங்கள் உட்கார்ந்திருந்த சீட்டும் சேர்ந்து அதிர்ந்தது. "எண்பதுக்கு மேல போனா நின்னுடும் காக்கா" என்று சொல்லி அவர் வேகத்தைக் கூட்டினார். நடுக்கம் குறைந்தது உண்மைதான். ஆனால் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வழியில் இருந்த ஒரு டயர் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னோம்.

கடைக்காரர் முன் இடது சக்கரத்தைப் பார்த்தவுடனேயே ரிம் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். உப்புத் தண்ணீர் பட்டுத் துருவேறிய ரிம்மில் விரல் அகலத்துக்கு மட்டும் ஓரிடம் துருவில்லாமல் இருந்தது. "பாய், இந்த இடத்துல ஒரு வெயிட் இருந்து விழுந்திருக்கு" என்றார். மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது அறுபது கிராம் வித்தியாசம் காட்டியது. பின் சக்கரங்கள் வாங்கிய நாளிலிருந்து மெஷினையே கண்டதில்லை. அவற்றின் டயர்கள் இரண்டும் திட்டுத் திட்டாகக் குழி விழுந்து தேய்ந்து, மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்தன. நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்ய ஆகும் கூலி ஒரு புது டயர் விலையில் சிறு பகுதிதான். அதைச் செய்யாததால் இரண்டு டயர்கள் காலத்துக்கு முன்பே போயின. அந்த மாதத் தவணையும் அதோடு போயிற்று.

பேலன்சிங் என்றால் என்ன?

வீட்டு மின்விசிறியை எண்ணிப் பாருங்கள். இறக்கை ஒன்று சற்று வளைந்திருந்தாலோ, ஒன்றில் மட்டும் தூசி படிந்திருந்தாலோ ஒன்றாம் எண்ணில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் எண்ணில் வைத்தால் விசிறியே ஆடும். வண்டிச் சக்கரமும் இப்படித்தான். எந்த டயரும் சுற்றிலும் ஒரே எடையாக உற்பத்தியாவதில்லை. ரிம்மும் அப்படியே. இரண்டையும் பூட்டிக் காற்றடைத்தால் ஏதோ ஓரிடம் சில கிராமாவது கனமாக இருக்கும். அந்தக் கனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சரியான எடையைப் பொருத்திச் சமன் செய்வதுதான் வீல் பேலன்சிங்.

சில கிராமுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். 15 அங்குல ரிம் உள்ள பிக்கப் வண்டியின் சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. அந்த ரிம்மின் விளிம்பில் 50 கிராம், அதாவது ஒரு சின்ன டீத்தூள் பாக்கெட் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை ஏறத்தாழ 4 கிலோ கனத்தின் விசையோடு வெளியே இழுக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இழுப்பு மேலே, முன்னே, கீழே, பின்னே என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். நொடிக்குப் பத்து முறை ஒரு சுத்தியல் சக்கரத்தை அடிப்பது போல. 40 கி.மீ. வேகத்தில் இதே இழுப்பு ஒரு கிலோ அளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான்.

சமனின்மை இரண்டு வகை. ஓரிடம் மட்டும் கனமாக இருந்தால் சக்கரம் மேலும் கீழுமாகத் துள்ளும். சக்கரத்தின் உள்விளிம்பில் ஒரு பக்கமும், வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் கனம் இருந்தால், மொத்த எடை சமமாக இருப்பது போலத் தோன்றினாலும் சக்கரம் இடமும் வலமுமாக ஆடும். ஓட்டுநர்கள் 'வாப்ளிங்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நல்ல மெஷின் உள்விளிம்புக்கு இத்தனை கிராம், வெளிவிளிம்புக்கு இத்தனை கிராம் என்று தனித்தனியாகக் காட்டுவது இவ்விரண்டையும் சேர்த்துச் சரிசெய்வதற்காகவே.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் அதிகம். "போன மாசம்தான் அலைன்மென்ட் பார்த்தேன்" என்று சொல்லி நடுக்கத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது தவறினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டயர் உள் ஓரத்திலோ வெளி ஓரத்திலோ மட்டும் தேயும். பேலன்சிங் தவறினால் வண்டி இழுக்காது. குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும். டயர் சுற்றிலும் சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேயும். உள்ளங்கையை டயரின் மேல் வைத்துத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும்.

நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரங்களை.

பிக்கப் ஓட்டுநர்களை ஏமாற்றும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் குறைவது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால்தான் அது உயர எழும்பும். அதுபோல வண்டியின் சஸ்பென்ஷனுக்கு இயல்பாக ஓர் ஆட்டத் தாளம் உண்டு. சக்கரம் சுற்றும் தாளமும் அதுவும் ஒத்துப்போகும் வேகத்தில், பெரும்பாலும் 70க்கும் 90க்கும் இடையில், நடுக்கம் உச்சத்துக்கு வரும். அதைத் தாண்டினால் கைக்குத் தெரிவது குறையும். ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி விசை குறைவதில்லை, கூடவே செய்கிறது. நடுக்கத்துக்குப் பயந்து வேகத்தைக் கூட்டுவது, வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு புண்ணை விட்டுவிடுவது போலத்தான்.

இரண்டாவது, லோடு ஏற்றினால் நடுக்கம் அடங்குவது. சுமையின் கனத்தில் வண்டி அமர்ந்துவிடுவதால் அதிர்வு நமக்குக் குறைவாக எட்டுகிறது. சக்கரத்தில் உள்ள சமனின்மை அப்படியேதான் இருக்கிறது. அதை இப்போது டயரும் பேரிங்கும் வாங்கிக்கொள்கின்றன. லோடு இறக்கிய பிறகு நிலைமை வேறு. டன் கணக்கில் சுமப்பதற்காகக் கடினமாக அமைத்த பின்பக்கப் பட்டைகள் வெறும் வண்டியில் வளைந்து கொடுப்பதில்லை. சமனில்லாத பின் சக்கரம் சாலையில் அமராமல் தத்தித் தத்திப் போகிறது. தத்தும் இடங்களில் எல்லாம் ரப்பர் உரசிக் கழல்கிறது. ஒரு நடை லோடோடும் ஒரு நடை வெறுமையாகவும் ஓடும் நம் வண்டிகளில் பின் டயர் குழி விழுந்து தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படியிருந்தும் பலர் முன் சக்கரம் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சமன் எப்படிக் கெடுகிறது?

பள்ளத்தில் விழுந்து ரிம் விளிம்பில் மாட்டிய வெயிட் தெறித்துப் போவது ஒன்று. மீன் வண்டிகளில் ஐஸ் கரைந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் ரிம்மை அரித்து, வெயிட்டின் பிடியைத் தளர்த்துவது இன்னொன்று. பஞ்சருக்காக டயரைக் கழற்றி உள்ளே ஒட்டுப் போட்டு, முன்பிருந்த இடம் மாறிப் பூட்டினாலும் சமன் கெடும். டியூப் டயரில் டியூபும் அதன் அடியில் உள்ள பட்டையும் நகர்ந்து உட்கார்ந்தாலும் அப்படியே. பஞ்சர் ஆகாது என்று சொல்லி உள்ளே ஊற்றும் திரவம், வண்டி நிற்கும்போது அடியில் தேங்கிவிடுவதால் அதுவும் நடுக்கத்தை உண்டாக்கலாம். செங்கல், மணல், சிமென்ட் ஏற்றும் வண்டிகளில் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறும் சிமென்ட்டுமே பல கிராம் இருக்கும். சில சமயம் அதைச் சுரண்டி எடுத்தாலே நடுக்கம் நின்றுவிடுவதுண்டு. சடன் பிரேக் அடித்துச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டால் டயரில் ஓரிடம் தட்டையாகிவிடும்.

பேலன்சிங்கால் தீராதவை

எல்லா நடுக்கத்துக்கும் பேலன்சிங் மருந்தல்ல. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கையோ டிரம்மையோ பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் அடியிலிருந்து அதிர்வு வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் அதன் கிராஸையும் பார்க்க வேண்டும். ரிம் வளைந்திருந்தாலும், டயரின் பக்கச் சுவர் புடைத்திருந்தாலும், டை ராடு, பால் ஜாயின்ட், வீல் பேரிங் தேய்ந்திருந்தாலும் எத்தனை வெயிட் மாட்டினாலும் சரியாகாது. பழுதான ஷாக் அப்சார்பரும் டயரைத் திட்டுத் திட்டாகத் தேய்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று திடீரென்று வந்தால் அதைப் பேலன்சிங் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பாருங்கள். டயரின் உள்பக்கச் சுவர் வரை கையால் தடவி, புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நட்டு தளர்ந்த சக்கரமும் புடைத்த டயரும் முதலில் நடுக்கமாகத்தான் சொல்லும். அதைக் கேட்காவிட்டால் சக்கரமே கழன்று ஓடும், அல்லது டயர் வெடிக்கும். அதில் போவது ஓட்டுகிறவரின் உயிராகவும் இருக்கலாம், எதிரே வருகிறவரின் உயிராகவும் இருக்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. சக்கரத்தை மெஷினில் ஏற்றுமுன் ரிம்மில் உள்ள சேற்றையும் டயர் இடுக்கில் சிக்கிய கற்களையும் எடுக்கச் சொல்லுங்கள். பழைய வெயிட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள்.

2. காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். அளவு வண்டியின் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். லோடோடு ஓடுவதற்கும் வெறும் வண்டிக்கும் வெவ்வேறு அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

3. மெஷினில் ரிம் நடுத்துளை சரியாக மையத்தில் அமர வேண்டும். ரிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து உள்ள தூரம் ஆகிய மூன்றையும் அளந்து பதிய வேண்டும். முன்பு வந்த காரின் அளவையே வைத்துச் சுற்றினால் தவறான கணக்குதான் வரும்.

4. வெயிட் மாட்டியபின் மறுபடி ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம் வர வேண்டும். "கொஞ்சம்தான் இருக்கு, பரவாயில்ல" என்பதை ஏற்க வேண்டாம்.

5. அளவுக்கு மீறி வெயிட் கேட்டால், டயரைத் தளர்த்தி ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இதிலேயே பெருமளவு சரியாகிவிடும். அப்படியும் குறையாவிட்டால் ரிம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. நான்கு சக்கரத்தையும் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

7. வண்டியில் பூட்டும்போது ஹப்பின் முகத்தில் துருவும் மண்ணும் இல்லாமல் துடைக்க வேண்டும். நட்டுகளை எதிர் எதிராக, சீராக இறுக்க வேண்டும். சற்றுத் தூரம் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

புது டயர் போடும்போதும், டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டிய பிறகும், பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகும், மற்றபடி சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறையும் பேலன்சிங் பார்ப்பது வழக்கம். நம் ஊரில் மெஷின் இல்லை என்பது உண்மை. மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ நடை போகிறவர்கள் லோடு இறக்கிய கையோடு பார்த்துக்கொண்டு வரலாம். தேய்மானத்தில் ஓர் எல்லையையும் நினைவில் வையுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி அந்த டயரோடு ஓட்டக் கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடாக ஓர் அடையாளம் இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஈய வெயிட் விஷயத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கழற்றிப் போட்ட வெயிட்டுகளைச் சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்து, வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு செய்ய அடுப்பில் உருக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றில் பல ஈயத்தால் ஆனவை. ஈயப் புகையும் தூளும் உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. வளரும் பிள்ளைகளின் மூளையை அது பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் சக்கரங்களில் ஈய வெயிட் பயன்படுத்துவதற்கு 2005ஆம் ஆண்டு முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. வீட்டு அடுப்பில் ஈயம் உருக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வெயிட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறோம். மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் பஜ்ர் முடிந்ததும், நிவாரணப் பொருள் எடுத்துப் போகும் அறக்கட்டளை வண்டியின் டயர்களைத் தடவிப் பார்த்தோம். அதன் பின் டயர்களும் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தன. மக்கள் கொடுத்த பணத்தில் வாங்கிய வண்டி நம் கையில் இருக்கும் அமானத். அதை நாமே சரியாகப் பார்க்காமல் இருந்துவிட்டு, மற்றவர்களிடம் தவணையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, கி.மீ., காற்று, பேலன்சிங் தேதி ஆகியவற்றை எழுதி வருகிறோம். நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயர் செலவால் தவணை தள்ளிப்போகும் நிலை வந்தால் தயங்காமல் முன்கூட்டியே வந்து சொல்லுங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை தவணைக்கு வரும்போது வண்டியிலேயே வாருங்கள். டயரை ஒருமுறை நாமும் தடவிப் பார்க்கிறோம்.

செயலாளர்